மாடக்குளக்கீழ் மதுரை

கண்மாய்க் கரையில் விளக்குப் போடுகிறோம். வரத்துக் கால்வாய் எங்கே போனது?

பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரைக்கு ஒரு முகவரி இருக்கிறது: மாடக்குளக்கீழ் மதுரை. அரசன் அரண்மனையின் எந்தக் கூடத்தில், எந்தக் கட்டிலில் வீற்றிருந்து ஆணையிட்டான் என்று சொல்ல வரும் இடத்தில், இந்த முகவரியைப் போட்டுவிட்டுத்தான் கல்வெட்டு மேலே போகிறது. நான்மாடக்கூடல், ஆலவாய், தூங்காநகரம் என்று ஊருக்கு எத்தனையோ பட்டப்பெயர்கள் உண்டு. ராஜாவின் ஆவணத்துக்கு வேண்டியிருந்தது ஒரு கண்மாயின் பெயர்.

இந்தக் ‘கீழ்’ என்ற சொல்லை மதுரைப் பக்கத்துச் சம்சாரிகள் இன்றைக்கும் அதே பொருளில்தான் சொல்கிறார்கள். “கம்மாய்க்குக் கீழ ரெண்டு ஏக்கர் கெடக்கு” என்றால் அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாய உரிமையுள்ள நிலம் என்று அர்த்தம். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் காது கொடுத்துக் கேட்கும் வாசகம் அது. இந்தச் சீமையில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் மேற்கு மேல், கிழக்கு கீழ். மேற்கிலிருந்து இறங்கி வரும் தண்ணீரைப் பிறை போலக் கரை போட்டு மறித்தால், கரைக்குக் கிழக்கே வயல், அதை ஒட்டி ஊர். பழங்காநத்தத்தைத் தாண்டிப் போனால் மாடக்குளம் கண்மாய் இன்னும் இருக்கிறது. கீழமாத்தூர், துவரிமான் பக்கமிருந்து வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து அது நிறைந்தால், பொன்மேனி வரைக்கும் வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் மேலே வரும். கல்வெட்டு சொன்ன முகவரி அந்த அளவுக்கு இன்றும் செல்லுபடியாகிறது.

மற்ற முகவரிகள் அப்படியில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நிறுத்தங்களின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டே போங்கள்: தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், உலகனேரி. இறங்கிப் பார்த்தால் குளமும் இருக்காது, ஏரியும் இருக்காது. தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலகம் இருக்கிறது. உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. தென் மாவட்டங்களின் நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் எல்லாம் அந்தக் கட்டடத்தில்தான் விசாரணைக்கு வருகின்றன. இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். ஏன் அப்படி ஆயிற்று என்று பார்த்தால், காரணம் ரொம்பச் சாதாரணமானது. நகரத்தை ஒட்டி, ஒரே துண்டாக, அரசாங்கத்தின் பெயரிலேயே இருந்த நிலம் கண்மாய்தான். பட்டா நிலத்தை எடுத்தால் காசு கொடுக்க வேண்டும், வழக்கு வரும். கண்மாய்க்கு வக்கீல் வைக்க யாரும் கிடையாது.

கால் மணி நேர மழை

2024 அக்டோபர் 25, பிற்பகல் மூன்று மணி. மூன்றிலிருந்து மூன்றே கால் வரைக்கும் மட்டும் மதுரையில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. அன்றைய மொத்தக் கணக்கு 9.8 செ.மீ. ஆண்டு முழுக்கச் சேர்த்தே சுமார் 85 செ.மீ. பார்க்கிற ஊர் இது. ஒரு ஏக்கர் நிலத்தில் 4.5 செ.மீ. மழை விழுந்தால் அது ஏறத்தாழ 1,80,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் பதினைந்து நடை. சித்திரை வெயிலில் நாம் போன் போட்டுக் கெஞ்சி, காசு கொடுத்து வரவழைக்கும் பதினைந்து லாரி, ஒவ்வோர் ஏக்கரிலும் கேட்காமலே வந்து இறங்கியது. செல்லூரிலும் நரிமேட்டிலும் அது கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

செல்லூர்க் கண்மாய்க்கு வடக்கே ஆனையூர், குலமங்கலம் பக்கத்துக் கண்மாய்களின் மிகுநீர் வந்து சேர்கிறது. அது நிறைந்தால் பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகையில் போய் விழ வேண்டும். இடையில் இருப்பதெல்லாம் வீடு, கடை, பாலம், குப்பை, சாக்கடை. வெள்ளத்துக்குப் பிறகு, செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகை வரை 11.9 கோடி ரூபாயில் சிமெண்ட் கால்வாய் என்று அறிவிப்பு வந்தது. 2025 மே கடைசியில் முதல்வர் அந்த வழியே வருகிறார் என்றதும் பந்தல்குடிக் கால்வாயைத் துணி கட்டி மறைத்தார்கள். மறைத்த துணியே செய்தியாகி, முதல்வர் அங்கேயே இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். துணியை அவிழ்த்தாயிற்று.

சிமெண்ட் கால்வாய் தப்பென்று சொல்ல மாட்டேன். கட்டில் மிதக்கும் வீட்டில் இருப்பவரிடம் போய் நிலத்தடி நீர் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அது செய்யும் வேலை ஒன்றுதான்: வந்த தண்ணீரை எவ்வளவு வேகமாக ஊரைவிட்டு வெளியேற்றலாம் என்பது. நவம்பரில் தள்ளிவிட்ட தண்ணீரை ஏப்ரலில் லாரியில் தேடுவோம்.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. நகரத்தின் வடக்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஐப்பசியில் நல்ல மழை பிடித்தால் பின்வாசல் வழியாகத் தண்ணீர் நுழைந்து, கூடத்தைக் கடந்து, முன்வாசல் வழியாக மரியாதையாக வெளியேறும். வீட்டுக்காரரிடம் சொன்னால், “வாய்க்கால் தண்ணி சார், ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்” என்றார். வாய்க்கால் எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகொரு நாள் கிராம வரைபடத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மெல்லிய இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால், எங்கள் தெருவைக் குறுக்கே வெட்டி, அடுத்த கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மனையை விற்றவர் காட்டிய படத்தில் அந்தக் கோடு இல்லை. பெயர் வேண்டாம்.

சங்கிலியும் கண்ணியும்

மதுரைச் சமவெளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாகச் செய்கிற தவறு, கண்மாயை ஒற்றையாகப் பார்ப்பது. கண்மாய் ஒற்றையாக வாழாது. மேல்கண்மாயின் மிகுநீர் வழியும் மறுகால்தான் கீழ்கண்மாயின் வரத்து. சாத்தையாறு அணையிலிருந்து புறப்படும் தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு கடைசியில் வண்டியூர்க் கண்மாயில் வந்து விழும் ஏற்பாட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு கண்மாயின் மறுகால் அடைபட்டால் மேலே இருப்பவருக்கு வெள்ளம், கீழே இருப்பவருக்கு வறட்சி. இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே மழையில்.

ஒரு கண்மாயின் உறுப்புகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதைக் கட்டியவர்களின் யோசனை தெரியும். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நிற்கும். குறுக்கே கல்சட்டம். அதற்கு நேர் கீழே, தரையில், துளையிட்ட பலகைக்கல்லும் அதை அடைக்கும் குழவிபோன்ற அடைப்பும். இது குமிழி மடை. தண்ணீர் திறக்க வேண்டுமென்றால் ஓர் ஆள் நீந்திப் போய், மூச்சைப் பிடித்து முங்கி, அடைப்பைத் தூக்க வேண்டும். கரையின் மறுகோடியில் கலுங்கு. இந்த உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது, வழிந்துவிடும் என்று கல்லிலேயே எழுதிவைத்த ஒப்பந்தம் அது. கலுங்கின் மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்கள் இருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், இனி வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, கற்களுக்கு இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்து இன்னும் ஓர் அடி தண்ணீரைத் தேக்குவார்கள். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதில் மேலூரானுக்கும் கீழூரானுக்கும் அடிதடி நடந்து காவல் நிலையம் வரை போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

முங்கி மடை திறந்தவரால்தான் ‘மடையன்’ என்ற சொல் வந்தது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மடமையிலிருந்து வந்த சொல்லுக்கு எதற்கு இந்த அலங்காரம்? அதைவிட உண்மையான விஷயம் ஒன்று உண்டு. முங்கியவரும், ராத்திரி கரை காத்தவரும், வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சியும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். கூலி, களத்தில் அளந்து போட்ட நெல். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் பெரும்பாலும் அவர்களுடையதல்ல. ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்று இன்று பெருமையோடு சொல்கிறோமே, அதற்கு 1858-இல் ஆங்கிலேயர் போட்ட சட்டத்தின் பெயரிலேயே ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் இருந்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளோடு குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கியபோது, பெயர் பழையது, பணம் புதியது. எங்கே ஆயக்கட்டு விவசாயிகள் கூடி வேலையைச் செய்தார்களோ அங்கே மடை திறந்தது. எங்கே ஒப்பந்தக்காரர் சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொண்டாரோ அங்கே பொக்லைன் கரையைக் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் போனது. ஊரில் எல்லோருக்கும் எது எங்கே நடந்தது என்று தெரியும்.

வண்டல் கதையும் அதே மாதிரி. வயலுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுக்க 2024-இல் தாசில்தார் அனுமதியே போதும் என்று நடைமுறையை எளிதாக்கினார்கள். நல்ல காரியம். மேலாக வண்டலை எடுத்தால் கண்மாயும் ஆழப்படும், வயலும் தேறும். ஆனால் ஒரே இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் தோண்டி, களிமண் அடுக்கையும் தாண்டிப் போய்விட்டால், அந்தப் பள்ளத்தின் தண்ணீர் மடைக்கு ஏறவே ஏறாது. கண்மாயில் தண்ணீர் நிற்கும், வயலில் பயிர் காயும்.

அணை கட்டியும் கண்மாய் எதற்கு?

தாது வருஷப் பஞ்சத்தில் இந்த நிலம் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் பெரியாற்றுத் திட்டம் வேகம் பிடித்தது. 1895 அக்டோபரில் பென்னிகுவிக் கட்டிய அணை திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்குத் திரும்பியது. 1959-இல் வைகை அணை, 71 அடி வரை நீர் தேங்கும். ஆண்டுதோறும் செய்தித்தாளில் பார்க்கலாம்: பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனத்துக்கு 45,041 ஏக்கர், கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியிலும், திருமங்கலம் பகுதியிலும் ஒருபோகத்துக்கு 1,05,002 ஏக்கர். இந்த எண்களை மேலூர்ச் சம்சாரி வீட்டு வாசல் எண்ணைப் போலச் சொல்வார்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு வந்த பிறகு பழைய கண்மாய்கள் எதற்கு என்று படித்தவர்களே கேட்டதுண்டு. கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் நேராக வயலுக்குப் போவதில்லை. முறை வரும்போது கண்மாயில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முறை முடிந்து மதகை அடைத்த பிறகு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தேவைப்படும் கடைசி இரண்டு தண்ணீர் கண்மாயிலிருந்துதான் வரும். அதில்லாவிட்டால் அதுவரை போட்டது எல்லாம் வைக்கோல்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்மாய் ஆழமில்லாதது. வெயில் அதிலிருந்து நிறையவே குடித்துவிடும். 2017 ஏப்ரலில், வடகிழக்குப் பருவமழை பொய்த்து மாநிலமே வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டிருந்த அந்தக் கோடையில், வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார் அமைச்சர் செல்லூர் கே. ராஜு. காற்றடித்து அட்டைகள் சற்று நேரத்தில் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது. சிரித்த வேகத்தில் ஆவியாதல் என்ற கேள்வியையும் சேர்த்துக் காற்றில் விட்டுவிட்டோம். அதற்குப் பக்கத்துத் தீவில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இலங்கையின் உலர் வலயத்தில் குளங்களைத் தனித்தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் ஓடையின் சரிவில் அடுத்தடுத்து வரும் குளங்கள் அனைத்தையும் ஒரே தொடராகத்தான் எண்ணுகிறார்கள். குளத்தின் தலைமாட்டில், நீர் நுழையும் பக்கம், ஒரு மரக்கூட்டத்தை விட்டுவைப்பார்கள். அது காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கும். அதற்கு முன்னால் ஒரு புல்வரிசை, வண்டலை வடிகட்ட. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இந்தக் குளத்தொடர் முறையை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. நம் கண்மாய்களின் தலைமாட்டில் இருப்பது சீமைக்கருவேலம். அதை வெட்டச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டும், அடுத்த மழைக்கு ஆள் உயரம் முளைத்து நிற்கிறது.

சட்டத்தின் சந்து

ஈரநிலம் என்றால் என்ன? 1971-இல் ராம்சரில் கையெழுத்தான உடன்படிக்கை, இயற்கையானதும் மனிதன் வெட்டியதும், ஆண்டு முழுக்க நிற்பதும் சில மாதமே நிற்பதும் எல்லாமே ஈரநிலம் என்கிறது. அந்தக் கணக்கில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள் சிலவே பறவைகள் சரணாலயமாகி ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. 2022-இல் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். 2025-இல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். தமிழ்நாட்டின் எண்ணிக்கை அத்தோடு 20 ஆனது. வைகையின் நடுவில் மதுரை, கால்மாட்டில் ராமநாதபுரம். கால்மாட்டுக்குக் கிடைத்த மரியாதை இங்கே எந்தக் கண்மாய்க்கும் கிடைக்கவில்லை.

இந்திய அரசின் 2017 ஈரநில விதிகளோ பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை விளக்கத்திலிருந்தே விலக்கிவிடுகின்றன. மதுரைச் சமவெளியின் கண்மாய் என்றால் பாசனத்துக்குக் கட்டியதுதானே. சரி, மாநிலச் சட்டம் இருக்கிறதே என்று 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால், அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கானது. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். சங்கிலியில் பெரிய கண்ணிகளுக்கு ஒரு சட்டம், சின்னக் கண்ணிகளுக்கு வேறு கதவு. அவற்றை இணைக்கும் வாய்க்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில். சாக்கடை மாநகராட்சியின் பாடு. கருவேலம் வெட்ட ஒரு துறை, மீன்பாசி ஏலம் விட இன்னொரு துறை. ஒரு வாய்க்காலின் நீளத்துக்கு நடந்து போனால் நாலு அலுவலகத்தின் எல்லையைத் தாண்டிவிடலாம்.

அரிட்டாபட்டி

மேலூர் சாலையில், மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். வெயிலில் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் ஏழு பாறைக்குன்றுகள். ஒன்றில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டும் சமணர் படுகைகளும், இன்னொன்றில் குடைவரைச் சிவன் கோயில். பாறைமேல் விழும் மழை ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. வழுக்கி அடிவாரத்துக்கு வரும். அடிவாரம் முழுக்கக் கண்மாய்களும் ஊற்றுகளும். 2022 நவம்பர் 22 அன்று தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேரை அரசு அறிவித்தபோது கொடுத்த கணக்கு: 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள். லகடு வல்லூறும் ராசாளிக் கழுகும் இந்தப் பாறை முகட்டில் கூடு கட்டுகின்றன. கீழே கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் சிறுபறவை வரும், சிறுபறவை வந்தால்தான் வல்லூறுக்குச் சோறு.

அடுத்த இரண்டு ஆண்டு தாண்டவில்லை. 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசின் அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டி மட்டுமல்ல, சுற்றியுள்ள பல ஊர்கள் அதற்குள். மேலூர்ச் சீமை கொதித்தது. டிசம்பர் 9-இல் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்தை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். கிழவிகள், பிள்ளை இடுக்கிய தாய்மார்கள், டிராக்டர்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து.

அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று. வந்தவர்களில் பெரும்பாலானோர் பல்லுயிர்த் தல எல்லைக்கு வெளியே இருப்பவர்கள். கல்வெட்டும் வல்லூறும் அவர்கள் ஊரில் இல்லை. ஆனால் அந்தக் குன்றில் விழும் மழைதான் தங்கள் கண்மாய்க்கு வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேல்மடையில் கை வைத்தால் கீழ்மடைக்கு என்ன ஆகும் என்று சொல்லித்தர அங்கே யாரும் வரவேண்டியிருக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறிந்த மக்கள், அது மறந்துபோன ஒரு நகரத்துக்கு, பெயரில் மட்டும் குளம் மிச்சமிருக்கும் ஓர் இடத்தை நோக்கி நடந்து வந்தார்கள்.

நகரமும் முழுக்க மறந்துவிடவில்லை. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல பத்தாண்டுகள் வறண்டு கிடந்தது. ஒரு தலைமுறைப் பையன்கள் அதில் கிரிக்கெட் பழகித்தான் வளர்ந்தார்கள். தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணீர் போதாமல் நிலைத்தெப்பம் நடத்திய ஆண்டுகள் உண்டு. 2019 வாக்கில் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வைகையிலிருந்து வரும் பழைய பனையூர்க் கால்வாய்த் தடத்தைத் தேடி, அடைப்பெடுத்து, இணைத்தார்கள். தண்ணீர் தானாக வந்தது. மைய மண்டபம் நீரில் நிழல் விழ நின்றதைப் பார்க்க ஊரே சாயங்காலம் திரண்டது. சுற்றுத் தெருக்களில் போர் மோட்டார்கள் மறுபடி தண்ணீர் கொடுத்தன. படிக்கட்டுக்கோ விளக்குக்கோ செலவழித்திருந்தால் கிரிக்கெட் இன்னும் வெளிச்சமாக நடந்திருக்கும்.

இப்போது நகரக் கண்மாய்களுக்கு நடக்கும் ‘மேம்பாடு’ பெரும்பாலும் கரையைச் சுற்றித்தான்: நடைபாதை, வேலி, பூங்கா, படகு, செல்ஃபி எடுக்க ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர். காலையில் நடக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்வாயைச் சுற்றிக் கான்கிரீட் போட்டால் காலூன்ற வரும் உள்ளான்களுக்குச் சேற்றுக்கரை இருக்காது. வரத்துக் கால்வாய் வழியே மழைநீருக்குப் பதில் சாக்கடை வந்தால் நடைபாதையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். தெற்கே அயன்பாப்பாகுடிக் கண்மாயில் மழைக்காலத்தில் வெள்ளை நுரை பொங்கிச் சாலையில் பறக்கும். பள்ளிப் பிள்ளைகள் பனி என்று விளையாடுகிறார்கள். அதே தெற்கில், சற்று கிழக்கே, சாமநத்தம் கண்மாயில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அரிவாள் மூக்கனும் வந்து இறங்குகின்றன. அதைச் சரணாலயமாக்கக் கோரிக்கை பல ஆண்டாக நிற்கிறது. அறிவித்தால் நல்லதுதான். அறிவிப்புப் பலகை கரையில் நிற்கும், பறவைக்கு வேண்டிய தண்ணீர் வரத்துக் காலில்தான் வரவேண்டும்.

நகரம் தன் தாகத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டது. லோயர் கேம்ப்பில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, குழாய் வழியே நாளுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம், ஏறக்குறைய 1,300 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். குழாயில் வரும் தண்ணீரும் மேலூர் வயலுக்குப் போகும் தண்ணீரும் ஒரே அணையிலிருந்துதான் வருகின்றன. மழை பொய்த்த ஆண்டில் யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும். ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் பதில் தெரிந்ததே. நகரம் தன் தலையில் விழும் மழையை வைகையில் தள்ளிவிட்டு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விவசாயியின் தண்ணீரை இழுத்துக் குடிக்கிறது. அதனால்தான் செல்லூரில் அடைபட்ட கால்வாய் செல்லூர்க்காரர்களின் பிரச்சினை மட்டும் கிடையாது, கள்ளந்திரிக்குக் கீழே இருப்பவரின் பிரச்சினையும்தான்.

மாசி கழிந்து கண்மாய்கள் வற்றத் தொடங்கினால் மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாக்கள் ஆரம்பிக்கும். முதல் நாளே சுற்றுப்பட்டிக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடியுமுன் கரை நிறைய ஆட்கள். கையில் வலை, ஊத்தா, கச்சா, ஒன்றும் கிடைக்காதவர் கையில் பழைய கொசுவலை. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த நொடியில் மொத்தக் கூட்டமும் சேற்றுக்குள் இறங்கும். விரால், கெளுத்தி, கட்லா, ஜிலேபி. மதுரையில் ஒரு கிண்ணம் குழம்பு என்ன விலை என்று நாம் விசாரித்துவிட்டு நகரும் அயிரையும் சில கண்மாய்களில் உண்டு. பிடித்ததை விற்கக் கூடாது, சமைத்துச் சாமிக்குப் படைத்துச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். பத்து மணிக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் மீனைச் சணல் நூலில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுவார்கள்.

அவர்கள் போன பிறகு நின்று பார்த்தால், கலங்கிய சேற்றுக்கு நடுவே, ஆண்டு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருந்த மடை வாய் வெளியே தெரியும். அதன் முன்னால் எவ்வளவு மண் மேடிட்டிருக்கிறது, மேற்கே வரத்துக் கால் நுழையும் இடத்தில் எத்தனை கருவேலம் நிற்கிறது என்று அன்றுதான் கண்ணால் எண்ணிப் பார்க்க முடியும். அடுத்த மழைக்கு இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கும்.